வரும்போதே வாங்கிவிடும் கையெழுத்து

கவுன்சில் கூட்டம் என்றால் முதல் நாளே எனக்குக் கால் ஆடத் தொடங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக மேலும் கீழும் போகும். "கால ஆட்டாத, வீட்டுக்கு ஆகாது" என்பார் என் வீட்டுக்காரர். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருக்கிறவர் அவர். கண்ணாடியோடு பழகிப் பழகி அவருக்கு அசையாமல் இருக்க வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, இனி வரப்போவதுமில்லை.

ஊரின் வெளி ஓரத்தில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் நான் சூப்பரிண்டெண்ட். கவுன்சில் என்பது எங்கள் நிர்வாகக் குழு. ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஒரு கட்டட முதலாளி, நிதிக் கமிட்டிக்குத் தலைவராக இருக்கும் ஒரு ஆடிட்டர், எல்லாருக்கும் நடுவில் சேர்மன். பல்கலைக்கழகத்தின் பணம் எங்கே போகிறது, சொல்லித் தருவதாகச் சொல்வதை உண்மையிலேயே சொல்லித் தருகிறோமா என்று கேட்பதுதான் அவர்கள் வேலை. சட்டப்படி அவர்கள் எங்கள் எல்லாருக்கும் மேலே இருப்பவர்கள். நடைமுறையில் அவர்கள் விருந்தாளிகள். காபி கொடுத்து, கோப்பு கொடுத்து, பிரியாணி கொடுத்து, கடைசியில் ஒரு சால்வையும் கொடுத்து அனுப்ப வேண்டியவர்கள். விருந்தாளி வீட்டுக்காரனிடம் கணக்குக் கேட்பாரா?

கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது நான். எழுதுவது என்றால் கூட்டம் நடக்கும்போது எழுதுவது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு மூன்று நாள் முன்பே அடித்து முடித்துவிடுவேன். "விரிவான விவாதத்துக்குப் பின் குழு ஏகமனதாக ஏற்றது" என்று நான் அடிக்கும்போது, விவாதிக்க வேண்டியவர்கள் அவரவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். யார் பாராட்டினார், யார் ஆலோசனை சொன்னார், யார் நன்றி சொன்னார் எல்லாம் அதில் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பே பிள்ளைக்குப் பேர் வைத்த கதைதான். ஆனால் எங்கள் ஆபீஸில் அதற்குப் பெயர் திறமை.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. சாப்பாடு முடிந்தால் ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். ஒருவருக்கு விமானம், ஒருவருக்கு ரிங் ரோடு டிராஃபிக் பயம், ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை. போன பிறகு கையெழுத்துக்காக வீடு வீடாக அலைவது என் தலையில் விழும். ஒரு தடவை ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியின் கையெழுத்துக்காகச் சிவாஜிநகரில் பஸ் மாறி, அவர் வீட்டு நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளியே நின்றேன். அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. உள்ளே நுழையும்போதே வருகைப் பதிவோடு மினிட்ஸின் கடைசிப் பக்கத்தையும் நீட்டிவிடுவோம். காபி ஒரு கையில், பேனா ஒரு கையில். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நான்தான் கண்டுபிடித்தேன் என்று ரெஜிஸ்ட்ரார் சேர்மனிடம் என்னைப் புகழ்ந்திருக்கிறார்.

என் மகள் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே நர்சிங் படித்தாள், கடைசி வருஷம். ஊழியர் பிள்ளை என்பதால் பாதி ஃபீஸ். அந்தப் பாதியும் இல்லாவிட்டால் அவளை நான் நர்சிங்கில் சேர்த்திருக்க முடியாது. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலையும் பேசியாகிவிட்டது. ரிசல்ட் வந்ததும் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் அதைச் சொல்லி முடித்துவிட்டேன்.

அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் அவள் ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்து இன்னொரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கேஸ் புக் என்றாள். நர்சிங் மாணவி தான் கூட இருந்து பார்த்த பிரசவங்களையும், தன் கையால் பார்த்த பிரசவங்களையும் அதில் எழுத வேண்டும்.

"யாரோட நோட்டு அது?" என்றேன்.

"சீனியர் அக்காவோடது."

"அவ பாத்த பிரசவத்த நீ ஏன் எழுதுற?"

"அவ எங்க பாத்தா? அவளும் அவ சீனியர்கிட்ட வாங்கித்தான் எழுதினா." தலை நிமிராமல் சொன்னாள். "எல்லாரும் அப்படித்தான்மா. லேபர் ரூமுக்குள்ளயே எங்கள விடுறதில்ல."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் எங்கள் மாணவிகள் அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று அந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டும். நமக்கே சொந்தமாக ஆஸ்பத்திரி இருக்கும்போது வெளியே எதற்குப் பணம் என்று நிதிக் கமிட்டி அதை நிறுத்தியது. மற்ற வரிகளைப் போலவே அந்த வரியையும் நான்தான் அடித்தேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வருகிறவர்கள் ஏசி ரூமுக்குக் காசு கட்டி வருகிறவர்கள். படிக்கிற பெண்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள அவர்கள் சம்மதிப்பார்களா? அதையும் யாராவது ஒருவர் அன்றைக்குக் கேட்டிருக்கலாம். அதே கூட்டத்தில் ஆடிட்டோரியத்துக்கு மெத்தை நாற்காலி வாங்கலாம் என்பது ஏகமனதாக நிறைவேறியது.

அன்றைக்கு முழுவதும் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். துவைத்ததையே திரும்ப மடித்தேன். "அப்ப உனக்குப் பிரசவம் பாக்கத் தெரியாதா?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். "தியரி தெரியும்மா, பாஸாயிடுவேன்" என்றாள். பாஸாவாளா என்று நான் கேட்கவில்லை. ஆனாலும் அத்தோடு விட்டுவிட்டேன். ஊரோடு ஒத்துப் போவது எனக்கும் வரும்.

அடுத்த கவுன்சில் கூட்டத்துக்குப் புதிதாக ஓர் உறுப்பினர் வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வுபெற்றவர், விவேக் நகர்க்காரர். நர்சிங் துறையிலிருந்து ஒருவர் கவுன்சிலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது, அதனால் போட்டார்கள். பாவம், வயதான அம்மா, வருவார், சாப்பிடுவார், போவார் என்று ரெஜிஸ்ட்ரார் சொன்னார். காட்டன் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச், தோளில் துணிப்பை. நான் வழக்கம்போல் காபியோடு கடைசிப் பக்கத்தையும் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்தப் பக்கத்தை அதுவரை யாரும் படித்துப் பார்த்ததில்லை.

"தேங்க்ஸ் சொல்லி மீட்டிங் முடிஞ்சுதுன்னு போட்டிருக்கு. முடிஞ்சிடுச்சா?"

"இல்ல மேடம், இனிமேதான்."

"அப்ப கையெழுத்தும் இனிமேதான்" என்று காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, காபியை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

கூட்டம் எப்போதும்போல ஆங்கிலத்தில் நடந்தது. எங்கள் கவுன்சிலில் பாராட்டு ஆங்கிலத்தில் வரும், கோபம் கன்னடத்தில் வரும், பிரியாணி பற்றிய பேச்சு எந்த மொழியிலும் வரும். வரவு செலவு ஏற்கப்பட்டது. புதுக் கட்டடம் ஏற்கப்பட்டது. ரெஜிஸ்ட்ரார் படிப்பார், சேர்மன் சுற்றிலும் பார்ப்பார், தலைகள் ஆடும், நான் லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் வரியின் மேல் கர்சரை நகர்த்துவேன். என் கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்தது நர்சிங் கல்லூரியின் தர அறிக்கை. என் மினிட்ஸில் அதற்கு ஒரே வரிதான்: "மாணவிகளின் செய்முறைப் பயிற்சி குறித்துக் குழு திருப்தி தெரிவித்தது."

மேட்ரன் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாள்?"

"விதிப்படி மேடம்" என்றார் ரெஜிஸ்ட்ரார்.

"விதி எனக்குத் தெரியும். எத்தனை என்று கேட்டேன்."

பிரின்சிபால் சான்றிதழ் கொடுத்திருக்கிறார் என்று சேர்மன் சிரித்தபடி சொன்னார். மேட்ரன் ஆடிட்டர் பக்கம் திரும்பினார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிப் பணம் கட்டியதாகக் கணக்கில் எங்கேயும் காணோமே, பிள்ளைகளை எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். சிக்கன நடவடிக்கை, நம் சொந்த ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி என்று ஆடிட்டர் பதில் சொன்னார். சொல்லும்போதே அடுத்த பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நல்லது" என்றார் மேட்ரன். "கடைசி வருஷப் பெண் ஒருத்தியைக் கூப்பிடுங்கள். நான் அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்."

சேர்மன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டீ இடைவேளை என்றார். கதவுக்கு வெளியே வந்ததும் ரெஜிஸ்ட்ரார் நேராக என்னிடம் வந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததைக் கண்டவர் போல இருந்தது. அவர் கன்னடக்காரர். என்னோடு பேசிப் பேசித் தமிழும் வந்துவிட்டது, அவர் கன்னடம் என்னிடம் வந்தது மாதிரி.

"நோடம்மா, இங்க பாரு, உன் பொண்ணு ஃபைனல் இயர் தானே? அவளையே கூப்பிடு. இருபது டெலிவரி பாத்தேன்னு சொல்லட்டும். அஷ்டே, அவ்ளோதான். வேற யாரையாச்சும் கூப்பிட்டா எதுனா உளறி வெச்சிரும். உன் பொண்ணுன்னா நம்பிக்கை."

கெட்டவர் இல்லை அவர். என் வீட்டுக்காரருக்கு டெங்கு வந்தபோது தன் காரில் ஏற்றிப் போனவர். கெட்டவராக இருந்திருந்தால் முடியாது என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

மகளுக்குப் போன் செய்தேன். வெள்ளை யூனிஃபார்மில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். வராந்தாவில் சமோசா தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"ரெஜிஸ்ட்ரார் சார் இருபதுன்னு சொல்லச் சொன்னாரு."

"நீ என்னம்மா சொல்ற?"

நான் அவள் காலரைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. பாதி ஃபீஸ் ஒரு பக்கம், ஒயிட்ஃபீல்டு வேலை ஒரு பக்கம், எனக்கு இன்னும் சில வருஷ சர்வீஸ் ஒரு பக்கம் என்று மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. "உனக்கு என்ன தோணுதோ சொல்லு" என்றேன். அது ஒரு பதிலே இல்லை, அவளுக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முடியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குப் பின்னால் கதவை யாரோ சாத்தினார்கள். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் மேஜையின் கோடியில் நின்றாள்.

மேட்ரன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எத்தனை பிரசவம் பார்த்தாய்? இருபது, மேடம். எங்கே? நம் ஆஸ்பத்திரியில், மேடம். ஒரு தடுமாற்றமும் இல்லை. பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்காவிட்டால் என்ன செய்வாய்? ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினாள். என்ன ஊசி, கர்ப்பப்பையை எங்கே தேய்ப்பது, யாரைக் கூப்பிடுவது எல்லாம் வரிசை பிசகாமல் வந்தது. சேர்மன் மேஜையைத் தட்டினார். கட்டட முதலாளி ஆஹா என்றார். என் மகள் கெட்டிக்காரி. அந்த நேரத்தில்கூட எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மேட்ரன் மட்டும் தட்டவில்லை. தமிழுக்கு மாறினார்.

"தமிழா நீ?"

"ஆமா மேடம்."

"வீடு எங்க?"

"லிங்கராஜபுரம்."

"மொத மொத பிள்ளைய கையில வாங்குனியே, எப்பிடி இருந்துச்சு?"

அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

"சந்தோஷமா இருந்துச்சு மேடம்."

"சந்தோஷமா" என்றார் மேட்ரன். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நான் கேட்ட பிள்ளைங்க எல்லாம் வழுக்குச்சுன்னுதான்டா கண்ணு சொல்லுவாங்க. கீழ போட்டுருவேனோன்னு பயமா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க."

மேஜையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன பேச்சென்று புரியவில்லை. என் மகளுக்குப் புரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காதோரம் சிவந்துவிட்டது. பார்த்துவிட்டு உடனே நிமிர்ந்து, "வழுக்கவும் வழுக்குச்சு மேடம்" என்றாள்.

அந்தப் பொய் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. முதல் பொய்யை அவள் எல்லாருக்காகவும் சொன்னாள். இது எனக்காக மட்டும் சொன்னது. என் நாற்காலியைக் காப்பாற்ற என் பிள்ளை பொய் சொல்வாள், அதை நான் மினிட்ஸில் அடிப்பேன், குழு திருப்தி தெரிவிக்கும். கால் ஆடி ஆடி மேஜையே அதிர்ந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"அவ ஒண்ணுகூடப் பாத்ததில்ல மேடம். லேபர் ரூமுக்குள்ள அவங்கள விடுறதே இல்ல. அவ என் பொண்ணு."

ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய இடத்தில் தமிழில்தான் வந்தது. ஆனால் பெங்களூரில் அந்த அளவுத் தமிழ் யாருக்கும் புரியும். மினிட்ஸ் எழுத வந்தவர்கள் பேசக் கூடாது என்று சேர்மன் சொன்னார். கன்னடத்தில் சொன்னார். ரெஜிஸ்ட்ரார் என்னைப் பார்க்காமல் தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"பேசினதையும் சேத்து எழுதிக்கோம்மா" என்றார் மேட்ரன்.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பயிற்சிப் பணத்தை நிறுத்தியது தன் கமிட்டி என்று சொன்னார். மாணவிகள் வேறு எங்கே கற்றுக்கொள்வார்கள் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை என்றார். மறுபடி பணம் கட்டி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அனுப்பி முடிக்கும்வரை இந்த வருஷப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு விடக்கூடாது என்று அவரே தீர்மானம் சொன்னார். மனசாட்சி பேசியதா, தன் கையெழுத்தை நினைத்துப் பயம் பேசியதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் இல்லை. இரண்டில் எது பேசினாலும் சரி என்றுதான் அப்போது இருந்தது.

மற்றவர்கள் எல்லாரும் காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி அடித்து முடிக்கும்வரை, என் சர்வீஸில் முதன்முதலாக, கவுன்சில் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தது. ஒருவர் விமானத்தைத் தவறவிட்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். வாரம் திரும்புவதற்குள் எனக்கு இடமாற்றம் வந்தது. பழைய கோப்புகள் அடுக்கி வைத்திருக்கும் ரெக்கார்டு ரூம், தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. உத்தரவில் என் நீண்ட அனுபவத்தைப் பாராட்டியிருந்தார்கள். அந்த வாசகத்தை அதற்கு முன் மற்றவர்களுக்காக நானே பல தடவை அடித்திருக்கிறேன். பாதி ஃபீஸில் மட்டும் கை வைக்கவில்லை. மேட்ரன் கவுன்சிலில் இருக்கும்வரை வைக்க மாட்டார்கள் என்று ரெஜிஸ்ட்ரார் படிக்கட்டில் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பரீட்சை தள்ளிப்போனது. ஒயிட்ஃபீல்டு ஆஸ்பத்திரி காத்திருக்கவில்லை, வேறு ஆளை எடுத்துக்கொண்டது. வகுப்புப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் என் மகளைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். அவர்களிலும் வேலை போனவர்கள் இருந்தார்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பாக்கள் இருந்தார்கள்.

என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாடு வேண்டுமா என்றால் தலையாட்டுவாள். என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரர் ஆனார். ஒருநாள் நானே போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளைக்கு இப்படி?"

"உன்னக் காப்பாத்தத்தான் சொன்னேன்" என்றாள். "நீ என்னமோ என்ன எல்லார் முன்னாடியும் பொய்க்காரி ஆக்கிட்ட."

"நீ பொய் சொன்னியே."

"நீதான தோணுறத சொல்லுன்ன. எனக்கு நீதான் தோணுன."

எழுந்து வந்துவிட்டேன். சமையலறையில் நின்று ஒரு தேங்காயை முழுக்கத் துருவினேன், அன்றைக்கு எதற்கும் தேங்காய் தேவைப்படவில்லை. நான் பேசியது சரியா தப்பா என்று அந்த மாதங்களில் என்னையே கேட்டுக் கேட்டுச் சலித்தேன். காலையில் சரி என்று தோன்றும். சிவாஜிநகரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தப்பு என்று தோன்றும். வராந்தாவில் அவள் கேட்டபோதே வாயைத் திறந்து, உண்மையைச் சொல், வேலை போனால் போகட்டும் என்று சொல்லியிருந்தால், அவளாவது தலை நிமிர்ந்து வெளியே வந்திருப்பாள்.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலையில் பஸ் பிடித்துப் போவாள். முதலில் சும்மா நின்று பார்க்க விட்டார்கள், பிறகு கூட நிற்க விட்டார்கள். என்ன பார்த்தாள் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஒரு மத்தியானம் நான் லீவில் வீட்டில் இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் வந்து நின்றாள். கை கழுவிக் கழுவிச் சிவந்திருந்தது.

"இன்னிக்கு எங்கிட்ட குடுத்தாங்க" என்றாள்.

அத்தனை நாளைக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசியது அதுதான். நான் அடுப்பை அணைத்தேன்.

"தல வெளிய வந்துடுச்சும்மா. தொப்புள்கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சு. எனக்குத் தெரியும். விரல உள்ள விட்டு, தல வழியா எடுத்து விடணும். பரீட்சையில கேட்டா படமே போட்டுக் காட்டுவேன். கை போகலம்மா. அப்படியே நின்னுட்டேன். பிள்ள முகம் நீலமா ஆவுது, நான் பாத்துட்டே நிக்கிறேன்."

"அப்புறம்?"

"சிஸ்டர் என்ன இடிச்சுத் தள்ளிட்டு வந்து எடுத்து விட்டாங்க. ஒரு நிமிஷம்கூட ஆவல. நல்லா இருக்கு பிள்ள. பையன். வெளிய அவங்க ஆளுங்க, மால சுத்திப் பொறந்திருக்கான், தாய்மாமனுக்கு ஆகாதுன்னு சண்ட போட்டுட்டு இருக்காங்க."

சிரிக்கப் போனவள் அழ ஆரம்பித்தாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பெல்லாம் டெட்டால் வாசனை. பரவாயில்லை, அடுத்த தடவை கை போகும், கற்றுக்கொள்ளத்தானே போகிறாய் என்று என்னென்னவோ சொன்னேன். எனக்குள் ஒரு நிம்மதி வரத் தொடங்கியிருந்தது. நான் பேசியது சரிதான் என்று அப்பாடா என உட்காரப் போனேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்கு முன்னாடி பாஸாயிப் போனாங்களே, எனக்கு நோட்டு குடுத்த அக்கா, அவங்க பேட்ச், அதுக்கு முந்தின பேட்ச்" என்றாள். "அவங்கல்லாம் இப்ப எங்கெங்கம்மா வேல செய்றாங்க? அங்க அவங்கள இடிச்சுத் தள்ளிட்டு வந்து எடுத்து விட பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"